நெல்லு கிண்ட ஆகும்

“…காத்து அப்படி எதுத்து அடிச்சா யாரு என்ன செய்ய முடியும்? அதுவும் போக, கெண்டைக்காலு பிடிச்சிட்டு. பிடிக்கலன்னா நானும் வந்திருப்பேன்லா” என்றார் அத்தான்.

மெட்ராஸ் கடற்கரைச் சாலையின் ஓரத்தில், பிளாட்பாரத்தில், இரண்டு கால் ஸ்கேட்டையும் கழற்றிப் பக்கத்தில் போட்டுவிட்டு வெறும் சாக்ஸோடு உட்கார்ந்து காலைப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தார். நான் அவருக்கு முன்னால் வெறுங்காலோடு நின்றேன். என்னுடைய ஸ்கேட்டுகளை நாடாவில் கட்டிக் கையில் தொங்கவிட்டிருந்தேன். அவரிடம் சொல்வதற்கென்று ஒரு வருஷத்துக்கும் மேலாக வாயில் ஒரு வாக்கியத்தை அடக்கி வைத்திருந்தேன். இத்தனை நாள் வாயில் ஊறினால் புளியங்கொட்டைகூட இனித்துவிடும் என்பார்கள். எனக்கு அது இனித்துத்தான் கிடந்தது.

அத்தான் என்றால் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன் மகன். எனக்கு முறை. நான் பாவாடை கட்டத் தொடங்கிய நாளிலிருந்து, “மெட்ராஸ்காரி, இங்கன வா” என்று கூப்பிட்டே என்னை வளர்த்தார்கள். மாமா குடும்பம் எப்போதோ மெட்ராஸில் குடியேறிவிட்டது. எங்கள் குடும்பம் ஸ்ரீவைகுண்டத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஆற்றங்கரையில், நெல் அவிக்கிற மில் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தது.

எங்கள் மில்லின் சொத்து அதன் களம்தான். அவித்த நெல்லைக் காயப்போடுகிற பெரிய சிமெண்டுக் களம். அதற்கு நட்ட நடுவில் ஒரு பிள்ளையார். களம் போடும்போது அவரை நகர்த்த ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. அவரைச் சுற்றியே சிமெண்டைப் பூசிவிட்டார்கள். களத்துப் பெண்கள் நெல்லைப் பரப்பி, வரிசையாக நடந்து, காலாலேயே கிண்டிக் கிண்டிப் புரட்டுவார்கள். காய்ந்ததா இல்லையா என்பதற்கு எங்கள் ஊரில் கருவி கிடையாது. ஒரு நெல்லை எடுத்துப் பல்லால் உமியை நீக்கிக் கடித்துப் பார்க்க வேண்டும். ரப்பர் மாதிரி வளைந்தால் இன்னும் வெயில் வேண்டும். ‘டக்’கென்று ஒடிந்தால் பதம். வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்குக் காபி கொடுப்பதற்கு முன்னால் அப்பா உள்ளங்கையில் நாலு நெல்லை வைத்து, “பதம் பாருங்க” என்பார். அது எங்கள் வீட்டு மரியாதை. சின்ன வயசில் முழுப் பரீட்சை லீவுக்கு வரும்போதெல்லாம் அத்தானும் அணில் மாதிரி உட்கார்ந்து நெல் கொறித்தவர்தான்.

தொண்ணூறுகள் முடியப் போகிற சமயம், ஒரு சித்திரை மாதத்தில், கல்யாணத் தேதி குறிக்க மாமா குடும்பம் காரில் வந்தது. எங்கள் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். அத்தான் இறங்கினதும் டிக்கியைத் திறந்து இரண்டு ஜோடி ஸ்கேட்டுகளை எடுத்தார். ஒன்று புதுசு, ஒன்று பழசு. நாங்கள் சினிமாவில் பார்த்த ஸ்கேட்டுக்கு மூலைக்கு ஒன்றாக நாலு சக்கரம் இருக்கும். இதிலோ ஒற்றை வரிசையில், எறும்பு ஊர்வது மாதிரி, ஒன்றன் பின் ஒன்றாக நாலு. புதுசை மாட்டிக்கொண்டு களத்தில் இறங்கினார். பொய் சொல்லக் கூடாது, அழகாகத்தான் ஓட்டினார். ஆனால் பிள்ளையாரை இடமாகச் சுற்றினார். களத்துப் பெண்கள் ‘ச்சு’ கொட்டினார்கள். எங்கள் பக்கம் எழவு வீட்டில்தான் இடம் சுற்றுவது.

அப்பா எப்போதும்போல நெல்லை நீட்டினார். அத்தான் வாங்கி, சிரித்துக்கொண்டே கீழே உதிர்த்தார்.

“மாமா, பொம்பளைங்க காலு பட்ட நெல்லு. இதப் போய் வாயில வப்பாங்களா?”

அப்பா கையைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு பழைய ஜோடியை எனக்கு மாட்டிவிட்டு, “வா, ஒரு சுத்துதான், நான் பிடிச்சுக்கிடுதேன்” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனவர், நடுக்களத்தில் விட்டுவிட்டார். குவித்து வைத்திருந்த நெல்லுக்குள் தலைகுப்புற விழுந்தேன். தலைமுடி, ரவிக்கை, காது, மூக்கு எல்லாம் நெல். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கூடச் சேர்ந்து சிரித்தால் அது விளையாட்டு என்று நினைத்தேன்.

வீட்டுக்குள் அம்மா தேதிப் பேச்சை எடுத்தபோது அவர் சொன்ன பதில்தான் அந்தச் சிரிப்புக்குப் பொருள் சொன்னது.

“அத்த, தப்பா நினைக்காதீங்க. அவளுக்கு நிக்கவே தெரியல. மெட்ராஸ்ல எப்படி நிப்பா? எனக்கு இணையா வார பிள்ளையாத்தானே நான் பாக்கணும்?”

மாமா தரையைப் பார்த்தார். அத்தானின் அம்மா மின்விசிறியைப் பார்த்தாள். கார் கிளம்பும்போது நான், கிறுக்கச்சி, அந்தப் பழைய ஸ்கேட்டுகளை முந்தானையால் துடைத்து ஜன்னல் வழியே நீட்டினேன். அத்தான் வாங்கவில்லை.

“வச்சுக்கோ. நெல்லு கிண்ட ஆகும்.”

கார் டிரைவர் வரைக்கும் சிரித்துவிட்டுப் போனார்கள்.

அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. சொந்த அண்ணன் வீட்டு அவமானம், அதற்கு அழுதால் பிறந்த வீட்டைத் தானே காட்டிக்கொடுத்தது போலாகிவிடும். ஸ்கேட்டுகளை வாங்கி, வற்றல் காயவைப்பது மாதிரி வெயிலில் வைத்தாள். அன்றைக்கு அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

“சிரிச்சிட்டுப் போறவன் திரும்பிப் பாக்க மாட்டான். பாக்க வைக்கணும்.”

மறுநாள் சாயங்காலம் நெல் அள்ளி முடிந்து களம் காலியானதும் மாட்டிக்கொண்டேன். அளவு பெரிசு. முன்பக்கம் பஞ்சை அடைத்தேன். அம்மா பழைய ஜமுக்காளத்தைக் கிழித்து, உள்ளே இலவம்பஞ்சு வைத்து, முழங்காலுக்கும் முழங்கைக்கும் உறை தைத்தாள். சுடிதார் பைஜாமாவின் கால் நுனியில் ரப்பர் கோர்த்தாள். குதிகாலில் இருந்த பிரேக் கட்டை தேய்ந்துபோனபோது மில் பெல்ட்டின் வெட்டுத் துண்டு ஒன்றை வைத்துத் திருகினேன். சக்கரத்துக்குள் உமியும் தவிட்டுத் தூசியும் போய் அடைத்துக்கொள்ளும். தினமும் கழற்றி மண்ணெண்ணெயில் அலசி, தையல் மிஷின் எண்ணெய் விட்டு, சுற்றிவிட்டு, நிற்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒன்றை மட்டும் என்னால் சரிசெய்ய முடியவில்லை. பூட்ஸின் உள் துணிக்கு இடையில் எப்போதும் நாலு நெல் மாட்டிக்கொண்டு குத்தும். உதறினால் போகும். மறுநாள் வேறு நாலு வந்துவிடும்.

களத்துப் பெண்கள் வரம்போரத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு எனக்குப் பாடம் நடத்தினார்கள். ஸ்கேட் பற்றி ஒருத்திக்கும் ஒன்றும் தெரியாது. அதனால் வாய்க்குக் குறைச்சல் இல்லை.

“ஏத்தா, ஆடுற மாட்டப் பாத்திருக்கேன், பாடுற மாட்டப் பாத்திருக்கேன், சக்கரம் கட்டுன மாட்ட இன்னைக்குத்தாம் பாக்கேன்!”

“விழுந்தாச் சொல்லு, அள்ளுததுக்கு முறம் கொண்டாரேன்.”

அவர்களில் மூத்தவள் மட்டும் ஒரு விஷயத்தில் கறாராக இருந்தாள். “என்ன கழுதயும் ஓட்டு. பிள்ளையார வலமாச் சுத்து. அந்தப் பய இடமாச் சுத்துனான், நம்ம வீட்டு நல்ல காரியம் நின்னு போச்சு. நீயும் இடமாச் சுத்தி வேற வினைய இழுத்துராத.”

எனக்கு அது நியாயமாகவே பட்டது. வலமாகவே சுற்றினேன். மாசக்கணக்கில் வலம். என் வலது திருப்பம் ஆலாப்பறவை மாதிரி ஆனது. இடது பக்கம் திரும்பத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. இது பின்னால் என் உயிரை வாங்கப்போகிறது என்பதைப் பிள்ளையாரும் சொல்லவில்லை.

ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். ‘வச்சுக்கிடுங்க அத்தான், நெல்லு கிண்ட ஆகும்.’ எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எங்கே இழுக்க வேண்டும், சிரித்துச் சொல்வதா சிரிக்காமல் சொல்வதா என்றெல்லாம் யோசிப்பேன். ஆனால் எங்கே சொல்வது, எப்போது சொல்வது என்பது தெரியாமல் இருந்தது. அதை மறுவருஷம் வைகாசியில், சாத்தான்குளத்தில் ஒரு காதுகுத்து வீடு தீர்த்து வைத்தது.

அங்கே பந்தியில் அத்தான் உட்கார்ந்திருந்தார். மெட்ராஸில் முதல் தடவையாக ஸ்கேட் மாரத்தான் வைக்கப்போகிறார்கள், பொங்கல் கழிந்து கடற்கரை ரோட்டில், நாற்பத்திரண்டு கிலோமீட்டர், எங்கள் கிளப்பில் எல்லாரும் ஓடுகிறோம் என்று அளந்துகொண்டிருந்தார். அம்மா கையில் ரசவாளி.

“என் மகளும் வாரா” என்றாள்.

எனக்கே அப்போதுதான் தெரியும்.

அத்தான் சிரித்தார். “அத்த, அது களம் இல்ல, கடக்கரை.”

“அதனால என்ன? நெல்லுல விழுந்தா மேலெல்லாம் ஒட்டும். மணல்ல விழுந்தா தட்டிவிட்டுட்டு வந்துரலாம். ரசம் போதுமா?”

அன்றிலிருந்து களம் போதவில்லை. அதிகாலையில் அணைக்கட்டுப் பக்கத்துத் தார்ரோட்டுக்குப் போனோம். நான் முன்னால் போவேன். அப்பா மொபெட்டில் ஹாரன் அடித்துக்கொண்டு பின்னால் வருவார். அவருடைய ஹெல்மெட் என் தலையில், அண்டாவைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். வாழைத்தார் லாரிக்காரர் ஒருவர் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்தார்.

“ஏத்தா, இதுல பிரேக்கு இருக்கா?”

“இருக்கு அண்ணாச்சி.”

“அப்பம் நீ முன்னால போ. எனக்கு இல்ல.”

ஊருக்குள் பேச்சு வேறு மாதிரி. “கட்டிக்கிட மாட்டேன்னவன விரட்டிப் பிடிக்கப் போறாளாம்” என்றார்கள். பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார் என் முழங்கைக் கட்டைப் பார்த்து, “வண்டியில விழுந்தாளா?” என்று கேட்க, அம்மா, “விழல. பழகுதா” என்றாள். அவர்கள் பஜ்ஜியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். மீதி பஜ்ஜியை நான் தின்றேன். பசி அப்படி.

ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து வீசுகிற மேகாத்து பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்து மேகாத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், நடக்கிற ஆளைக் கேட்காமலே திருப்பிவிடும். மேற்கே பார்த்து ஓடினால் சுவரைத் தள்ளுகிற மாதிரி. ஒருநாள் அப்பா பெட்ரோல் போடுவதற்காக என்னை முந்திப் போனார். அவர் முதுகுக்குப் பின்னால் வந்ததும் காற்று நின்றுவிட்டது! கால் தானாக உருண்டது. “அப்பா, முன்னாலயே போங்க, லேசா இருக்கு” என்று கத்தினேன். அப்பா வண்டியை ஓரம் கட்டி, நான் கடந்து போகிறவரை நின்று, திரும்பவும் பின்னாலேயே வந்தார்.

“ஏன்ப்பா?”

“காத்து வலிக்கட்டும். அங்கன வந்து அவனுக்கு வலிக்கும்போது உனக்குப் பழகியிருக்கும்லா.”

வாயில்லாப் பூச்சி என்று நாங்கள் நினைத்திருந்த மனுஷன். கீழே உதிர்ந்த அந்த நாலு நெல்லை அவர் மறக்கவே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மெட்ராஸில் எங்கள் மில் அரிசியை வாங்கி விற்கிற அண்ணாச்சி ஒருவர் போய் என் பேரைப் பதிந்து வைத்தார். முந்தின நாள் அவர் கடை மாடியில் தங்கினோம். கீழே அடுக்கியிருந்த எங்கள் மில் மூட்டைகளைப் பார்த்து அம்மா, “நம்ம ஊருலதான் படுத்திருக்கோம், தூங்கு” என்றாள்.

காலையில் கடற்கரையில் ஒரு கூட்டம். வழுவழுவென்று ஒட்டின உடுப்பும், மின்னுகிற ஸ்கேட்டுமாக எல்லாரும். நடுவில் நான், ஜமுக்காள உறையும் அண்டா ஹெல்மெட்டுமாக. அத்தான் பார்த்துவிட்டார். “மாமா ஹெல்மெட்லா இது!” என்று பக்கத்திலிருந்தவர்களிடம் காட்டினார். சொல்லட்டும் என்று இருந்தேன்.

அப்போதுதான் ஒருவர் ஒலிபெருக்கியில் விதியைச் சொன்னார். சாலையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகப் போய்ப் போய் வர வேண்டும். ஸ்கேட் ஓட்டுகிற ரிங்க் வழக்கப்படி எல்லாத் திருப்பமும் இடப்பக்கம்தான்.

நான் குனிந்து என் கால்களைப் பார்த்தேன். அம்மாவுக்கோ கோபம். “இடம் சுத்துததா? விடிஞ்சும் விடியாம எழவு வீடு மாதிரி! இவனுவளுக்குப் பெரியவங்க யாருமில்லையா?”

கிளம்பினோம். முதல் திருப்பத்தில் என் கால் மறுத்துவிட்டது. இடம் திரும்பு என்றால் அதற்கு அர்த்தமே விளங்கவில்லை. கிட்டத்தட்ட நின்று, அம்மி மிதிக்கிற கல்யாணப்பெண் மாதிரி ஒவ்வொரு அடியாகத் தூக்கித் தூக்கி வைத்துத் திரும்பினேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் கடந்து போனார்கள். அத்தானும் போனார்.

“ஏட்டி, பிள்ளையாரத் தேடுதியா?”

சரியான கேலிதான். அவருக்கும் எங்கள் களம் தெரியுமே. நேர்ச்சாலை வந்ததும் அவரைப் பிடித்துத் தாண்டினேன். அடுத்த திருப்பத்தில் மறுபடியும் நான் அம்மி மிதித்தேன், அவர் கடந்தார். “வலமா ஒரு தேங்கா உடச்சிட்டு வா!” இப்படியே போனது. கோடிக்குக் கோடி அவர் என்னைத் தாண்டுவதும், நடுவழியில் நான் அவரைத் தாண்டுவதும். கடலில் வெயில் ஏறியது. வாடைக்காற்றும் ஏறியது. வடக்கே பார்த்துப் போகிற ஒவ்வொரு தடவையும் அது முகத்தில் அறைந்தது. எங்கள் மேகாத்துக்கு அது தங்கச்சி மாதிரிதான்.

பாதிக்கு மேல் போனபிறகு ஒன்றைக் கவனித்தேன். காற்றுக்கு எதிரே நான் அவரைத் தாண்டினால் அவர் சக்கரச் சத்தம் பின்தங்கவில்லை. என் முதுகுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. நெல் கிண்டுகிறவளின் முதுகில் காற்றுக்கு ஒதுங்கி, தெம்பைச் சேர்த்து வைத்துக்கொண்டு, திருப்பத்தில் என்னைத் தாண்டிக் கேலியும் பேசிக்கொண்டிருந்தார். தனக்கு இணையாக வருகிற பிள்ளை வேண்டும் என்றவர், எனக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வந்தார்!

கடைசித் தடவை வடக்கே திரும்பினோம். வழக்கம்போல அவர் முந்தினார். அவர் இந்தத் தடவை சொன்ன கேலி காதில் விழவில்லை, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். நான் எட்டிப் பிடித்தேன். ஆனால் தாண்டவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால், அப்பாவின் மொபெட்டுக்குப் பின்னால் ஒருநாள் நின்ற மாதிரி, ஒட்டிக்கொண்டேன். காற்று நின்றுவிட்டது. லேசாக இருந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். நான் தாண்டுவேன் என்று ஒதுங்கினார். நானும் கூடவே ஒதுங்கினேன். வேகத்தைக் கூட்டினார், கூட்டினேன். குறைத்தார், குறைத்தேன். திரும்பத் திரும்பப் பார்த்தார். பாக்க வைக்கணும் என்று அம்மா சொன்னாளே, அந்தப் பார்வை ஒவ்வொன்றையும் நான் வாங்கி வாங்கி மடியில் கட்டிக்கொண்டேன். வாய்க்குள் எதையோ முனகிக்கொண்டுகூட வந்தேன். அவ்வளவு சந்தோஷத்தை அதற்குப் பிறகு நான் பட்டதில்லை, என் கல்யாணத்தன்றுகூட.

அவர் தோள் இறங்கி, கால் இழுக்கத் தொடங்கிய இடத்தில், பக்கவாட்டில் வந்து, பைய, அவர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனேன். ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டியதை எல்லைக்கோட்டுக்கு வைத்திருந்தேன்.

எனக்கு முன்னால் யார் யாரோ போய்ச் சேர்ந்திருந்தார்கள். மாலை, கோப்பை எல்லாம் அவர்களுக்கு. எனக்கென்ன? நான் கோட்டைத் தாண்டியதும் அப்பா ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டார். அம்மா தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

“அவன் எங்க?”

மூன்று பேரும் நின்று பார்த்தோம். ஒவ்வொருவராக வந்தார்கள். வயசான ஒருவர் வந்தார், நொண்டிக்கொண்டே ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை வந்தது. அத்தான் வரவில்லை. எனக்குப் பின்னால் கோட்டைத் தாண்டுவதைவிடத் தாண்டாமலே இருந்துவிடலாம் என்று எங்கோ உட்கார்ந்துவிட்டார் என்பது விளங்கியதும் எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வேன்! சமைத்து இலை போட்டுக் காத்திருக்கும்போது விருந்தாளி தெருவோடு நழுவிப் போகிற மாதிரி. என் வாக்கியத்தை நான் யாரிடம் சொல்வது? ஸ்கேட்டுகளைக் கழற்றி, நாடாவில் கோர்த்து, வெறுங்காலோடு வந்த வழியே தேடிக்கொண்டு நடந்தேன்.

அப்படித்தான் அந்தப் பிளாட்பாரத்தில் அவரைக் கண்டுபிடித்தேன். நான் கேட்காமலே அவர் காற்றைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். கெண்டைக்காலைப் பற்றிச் சொன்னார். எல்லாவற்றையும் சொல்லி முடிக்க விட்டேன். பிறகு ஸ்கேட்டுகளை அவர் மடியில் வைத்தேன்.

“வச்சுக்கிடுங்க அத்தான். நெல்லு கிண்ட ஆகும்.”

சிரிக்காமல்தான் சொன்னேன். எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தி.

அத்தான் என்னைப் பார்க்கவில்லை. ஒரு பூட்ஸைக் கையில் எடுத்தார். சக்கரம் ஒன்றை விரலால் சுண்டினார். அது சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, அவரும் அது நிற்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். வில்லையாய் வெட்டி வைத்திருந்த மில் பெல்ட்டைத் தடவினார். பிறகு பூட்ஸைக் கவிழ்த்து, உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டினார். இரண்டு மூன்று நெல் விழுந்தன. என் காலடியில் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் மிதிபட்ட நெல். அவர் அதில் ஒன்றை எடுத்து, முன்பல்லில் வைத்து உமியைத் துப்பிவிட்டு, கடித்தார்.